சொல்லிவிட்டுப் போவோம்

தெற்கேயிருந்து கெடா மாநிலத்திற்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். சுற்றிலும் தாழ்ந்த நிலமாகையால், பஸ்ஸில் போனாலும் ரயிலில் போனாலும் மலை நம்மோடு கூடவே வருவதுபோல் தோன்றும். மலைக்கு வடக்கே அலோர் ஸ்டாரையும் தாண்டி நெல்வயல்கள். தெற்கே ரப்பரும் செம்பனையும். நம்மவர் வாழ்க்கை பெரும்பாலும் இந்தத் தென்பகுதியில்தான் அமைந்தது. பீடோங், சுங்கை லாலாங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே, பல குடும்பங்களுக்குத் தாத்தா பால்வாளி சுமந்த தோட்டத்தின் பெயரும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

அண்மையில் இந்த ஊர்களைச் சுற்றிச் சில நாட்கள் போய்வந்தேன். மெர்போக் அரும்பொருளகத்தில் கடாரத்துக் கற்களைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நான் தேடிப் போனது பாட்டு வாத்தியார்களின் வீடுகளை. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், ஆர்மோனியம் என்று வீட்டு முன்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவர்களின் வீடுகளை. அவர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "பல வருடம் படித்த பிள்ளை வகுப்பை விட்டு நிற்கும்போது எப்படி விடைபெறுகிறது?"

இது என்ன பெரிய கேள்வி என்று நேயர்கள் நினைக்கக்கூடும். கேட்டுப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லாரி ஏறிய நாட்கள்

தோட்டத்தில் இசைக்குப் பஞ்சமிருந்ததில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு நாதஸ்வரம் வரும். தப்பும் உறுமியும் தோட்டத்து இளைஞர்களின் கையிலேயே இருந்தன. வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்க ஒரு கிராணியோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ இருப்பார். மற்ற நேரத்துக்கு வானொலி. ஆனால் முறையாக ஸ்வரம் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வேண்டுமென்றால், பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அல்லது அவர் சைக்கிளில் தோட்டத்துக்கு வர வேண்டும். அப்படி வந்தவருக்கு லயத்து வீட்டில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, மாதச் சம்பளத்தை வெற்றிலைமேல் வைத்துக் கொடுத்த தாய்மார்கள் உண்டு.

பிறகு தோட்டங்களே பிரிந்தன. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடலால் வேலையும் வீடும் இழந்தவர்களுக்காக 1960-ல் வீ.தி. சம்பந்தன் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது இந்த மாநிலத்தவர் மறக்கக்கூடாத செய்தி. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் வீடுகள் வந்தன. 1996-ல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைச் சீருடை போட்டார்கள்.

ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றியது. அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டார்கள். கடைக்காரரிடம் பாக்கியைத் தீர்த்தார்கள். அம்மன் கோவிலில் கற்பூரம் ஏற்றினார்கள். சைக்கிளில் வந்த வாத்தியார்? அடுத்த வாரம் அவர் வந்து பார்த்தபோது வீடு பூட்டிக் கிடந்தது என்று பாடாங் செராயில் ஒரு பெரியவர் சொன்னார். அந்த வாத்தியாரின் மகன்தான் அவர். "அப்பா கோபப்படல. பெஞ்சில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துட்டேன்னு மட்டும் சொன்னாரு" என்றார்.

அன்று அதற்குக் காரணம் இருந்தது. இடம் மாறும் அவசரம், கையில் காசில்லாத கூச்சம், தொலைபேசி இல்லாத காலம். இன்று எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் சொல்லாமலேயே நின்றுவிடுகிறார்கள்.

சுங்கை பட்டாணியில் ஒரு முன்கூடம்

சுங்கை பட்டாணியில் ஒரு வரிசை வீடு. வாசலில் சிறியதும் பெரியதுமாகச் செருப்புகள். உள்ளே பாய் விரித்து ஐந்து பிள்ளைகள். ஆசிரியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுப்பவர். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

கர்நாடக இசையில் பாடமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, பிறகு ஏழு தாளங்களில் அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அதன்பின் கீர்த்தனை. வாரத்துக்கு ஒரு வகுப்பு வரும் பிள்ளை வர்ணத்தைத் தொடுவதற்கே சில வருடங்கள் ஆகிவிடும். ஏழு வயதில் பல் விழுந்த வாயோடு "ஸ ரி க ம" சொல்ல வந்த பிள்ளை, படிவம் நான்கு படிக்கும் பெண்ணாகும் வரை அதே பாயில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு எப்போது தொண்டை கட்டும், எப்போது வீட்டில் சண்டை என்பதுகூட ஆசிரியைக்குத் தெரிந்துவிடும்.

"எப்படி நிற்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு மெசேஜ் வரும். இந்த மாசம் பரீட்சை, வரமாட்டா டீச்சர்னு. அடுத்த மாசமும் அதே. அப்புறம் அதுவும் வராது" என்றார். வருகைப் பதிவு நோட்டை எடுத்துக் காட்டினார். நின்றுபோன பிள்ளைகளின் பெயரை அவர் உடனே அடிப்பதில்லை; ஒரு வருடம் வரை அப்படியே வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் நேரத்துக்கு வேறு பிள்ளையைச் சேர்ப்பதுமில்லை. "நாளைக்கே வந்து நின்னா என்ன பண்றது?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் போகிறது. அந்த நேரமும் காலியாகக் கிடக்கிறது. ஓய்வூதியமோ சேமநிதியோ இல்லாத தொழில் இது. ஆனால் அவர் வருந்தியது அதற்காக அல்ல. கோவிலில் ஒரு நாள், ஒன்பது வருடம் படித்த பெண் தம்மைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போய்விட்டாளாம். "நான் என்ன செஞ்சேன்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றார்.

மறுபக்கம்

பெற்றோரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. பீடோங்கில் ஒரு தாயைச் சந்தித்தேன். அவர் மகளுக்கு வயலினில் நல்ல கை. எட்டு வருடம் ஒரே ஆசிரியர். நல்ல மனிதர், சம்பளம் தாமதமானால் கேட்கவே மாட்டார், தந்தை விபத்தில் படுத்தபோது மூன்று மாதம் காசே வாங்கவில்லை. ஆனால் கடந்த இரண்டு வருடமாகப் பழைய கீர்த்தனைகளே திரும்பத் திரும்ப வந்தன. பெண் மேலும் கேட்டாள். மனோதர்மம் என்று சொல்கிறார்களே, ராகத்தைத் தானாக விரித்து வாசிப்பது, அதைக் கற்க ஆசை. அவருக்கு அதில் பழக்கமில்லை.

"அவருகிட்ட போய், உங்களுக்குத் தெரிஞ்சது தீர்ந்துபோச்சுன்னு சொல்ல முடியுமாங்க?" என்று அந்தத் தாய் கேட்டார். ஆகவே சொல்லவில்லை. பினாங்கில் புது வகுப்பு. ஊரில் யாரும் கேட்டால் பரீட்சை என்று சொல்ல வேண்டும் என மகளுக்குச் சொல்லி வைத்தார். பழைய ஆசிரியர் வரக்கூடும் என்பதால் மகள் கோவில் நவராத்திரியில் வாசிப்பதை நிறுத்தினாள். வீட்டிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள்.

நேயர்களே, இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். பெரியவர்கள் ஒருவர் மனம் புண்படக்கூடாதே என்று நினைத்துச் செய்த காரியம் இது. ஆனால் அதன் சுமையைத் தூக்கியவள் பதினைந்து வயதுப் பெண். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. திறமை வளர்ந்தது, அவ்வளவுதான். அதை ஏதோ களவுபோல் மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அவள் பாடத்தில் எந்த வாத்தியாரும் வைக்காத பாடம் அது.

வாத்தியார் மாறுவது துரோகமா?

துரோகமே இல்லை என்பதற்கு இசை உலகிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். 1908-ல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலில் தம் உறவினர் செம்மங்குடி நாராயணசாமி ஐயரிடம் கற்றார். பிறகு திருவிடைமருதூர் சகாராம ராவிடம். அவரோ கோட்டுவாத்தியக் கலைஞர். பாடகருக்கு வாத்தியக்காரர் ஆசிரியர்! அதன்பின் மறுபடியும் நாராயணசாமி ஐயரிடமே வந்து கற்றார். உமையாள்புரம் சாமிநாத ஐயர், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் ஆகியோரிடமும் கற்றார். 1947-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, 2003-ல் மறையும்வரை கர்நாடக இசையின் பெரியவராக விளங்கினார். விட்டுப்போன ஆசிரியரிடமே திரும்பி வர முடிந்தது என்பதைக் கவனியுங்கள். போகும்போது வாசற்கதவை அறைந்து சாத்தாமல் போனவருக்குத்தான் அது முடியும்.

ஒளித்துப் போனவர் கதையும் உண்டு. ஜெர்மனியின் பான் நகரில் பிறந்த பேத்தோவன், அங்கே நேஃபே என்பவரிடம் கற்றுவிட்டு, 1792-ல் வியன்னா சென்று புகழ்பெற்ற ஹைடனிடம் சேர்ந்தார். வயதான ஹைடனுக்கு வேலை அதிகம். மாணவனின் பயிற்சித் தாள்களைச் சரியாகத் திருத்த நேரமில்லை. ஆகவே பேத்தோவன் ஹைடனுக்குத் தெரியாமல் ஷெங்க் என்பவரிடம் போய்த் திருத்திக்கொண்டார் என்று அந்த ஷெங்க்கே பின்னாளில் எழுதி வைத்தார். 1794-ல் ஹைடன் லண்டன் போனபின் வேறு ஆசிரியர். ஆனாலும் 1796-ல் வெளிவந்த தம் முதல் மூன்று பியானோ சொனாட்டாக்களைப் பேத்தோவன் ஹைடனுக்கே காணிக்கையாக்கினார். 1808-ல் முதிய ஹைடனைக் கௌரவிக்க நடந்த இசை நிகழ்ச்சியில், அவர் முன் மண்டியிட்டுக் கையில் முத்தமிட்டதாகவும் சொல்வார்கள். அத்தனை பெரிய மேதைக்கே அந்த வணக்கம் தேவைப்பட்டது.

கூலிமில் பார்த்த தட்டு

சரி, எப்படித்தான் சொல்வது? அதற்கு நான் கண்ட நல்ல விடை கூலிமில் இருந்தது.

அந்தக் குடும்பத்தின் பாட்டி தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். பேரன் மிருதங்கம் கற்கிறான். அடுத்த நிலைக்குப் பினாங்கு போக வேண்டிய கட்டம். மகனும் மருமகளும் தயங்கினார்கள். பாட்டி சொன்னாராம்: "வேலைக்குச் சேர்றப்பவும் கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தான் சேர்ந்தேன். நிக்கிறப்பவும் சொல்லிட்டுத்தான் நின்னேன். வாத்தியாருக்கு அது கூட இல்லியாப்பா?"

அவர்கள் செய்தது இதுதான். புது ஆசிரியரைப் பேசி முடிப்பதற்கு முன்பே பழைய வாத்தியாரிடம் போனார்கள். வகுப்பு நேரத்தில், மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் போகவில்லை. ஞாயிறு காலை, நேரம் கேட்டுக்கொண்டு போனார்கள். தந்தையே பேசினார். "ஐயா, நீங்க போட்ட அடித்தளம்தான். இவன் இன்னும் மேல போகணும்னு ஆசைப்படுறான். எங்க அனுப்பலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

முடிவைச் சொல்வதற்கும் யோசனை கேட்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! வாத்தியார் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு தாமே தொலைபேசியை எடுத்துப் பினாங்கில் தமக்குத் தெரிந்த வித்துவானை அழைத்தார். "நல்ல பையன், இடது கை மட்டும் கொஞ்சம் சோம்பல், பாத்துக்குங்க" என்று சொன்னாராம். புது ஆசிரியர் ஒரு வருடத்தில் கண்டுபிடிக்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அதன்பின் இரண்டு மாதம் பையன் பழைய வகுப்புக்கே போனான். அந்த அவகாசத்தில் வாத்தியார் காலியாகப் போகும் நேரத்துக்கு வேறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இரவல் வாங்கிய மிருதங்கத்தைப் பழுது பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சம்பளப் பாக்கி ஒரு காசு இல்லாமல் தீர்த்தார்கள். கடைசி நாள் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு வேட்டி துண்டு, தட்சிணை. பையன் காலில் விழுந்தான். அவர் ஒரு சின்னக் கணக்கு வாசிக்கச் சொல்லி, தாமும் தொடையில் தாளம் போட்டு, "போய்ட்டு வா" என்றார்.

தட்டில் என்ன வைப்பது என்பது அவரவர் வசதி. வேட்டிக்கு முடியாவிட்டால் இரண்டு பழம் போதும். கையில் பணமில்லை என்பதற்காகச் சொல்லாமல் நிற்பவர்கள்தான் பலர். சம்பளம் கட்ட முடியவில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். நான் சந்தித்த ஆசிரியர்களில் ஒருவர்கூடக் காசில்லை என்று சொன்ன பிள்ளையை வெளியே அனுப்பியதாகச் சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு வகுப்பாகக் குறைத்துக்கொண்டதாகத்தான் சொன்னார்கள். பிள்ளைக்கே இசையில் ஆர்வம் போய்விட்டால் அதையும் சொல்லலாம். பூப்பந்து விளையாட ஆசைப்படும் பிள்ளையை ஆசிரியர் சபிக்க மாட்டார்.

பாலத்துக்கு அப்பால்

ஒரு காலத்தில் கெடாவிலிருந்து பினாங்கு என்றால் பட்டர்வொர்த்தில் பெர்ரிக்காகக் காத்து நிற்க வேண்டும். 1985-ல் பாலம் திறந்தது. 2015 முதல் பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே மின்ரயில் ஓடுகிறது. சுங்கை பட்டாணியில் நிற்கும். 1981-ல் இந்நாட்டில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள் பினாங்கில் உள்ளன. தொலைபேசித் திரையில் சென்னை வித்துவானிடமே பாடம் கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே நம் ஊர் வாத்தியாரிடமிருந்து பிள்ளைகள் பிரிவது இனி அதிகமாகுமே தவிரக் குறையாது. படிப்புக்காக விடுதிப் பள்ளி, பல்கலைக்கழகம் என்று போகிறவர்கள் வேறு. சாலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பிரிவும் எளிது.

ஒரு விதிவிலக்கை மட்டும் பெற்றோர்கள் மனத்தில் வைக்க வேண்டும். மேலே சொன்ன மரியாதை எல்லாம் நல்ல ஆசிரியருக்கு. பிள்ளையை அடிப்பவர், தகாத முறையில் தொடுபவர், தனியாக வரச்சொல்லி மிரட்டுபவர் யாராக இருந்தாலும் தட்டும் வேண்டாம், தட்சிணையும் வேண்டாம். அன்றே நிறுத்திவிட்டுப் போலீசில் புகார் செய்யுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே 2017-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. "குருவைக் குறை சொல்லாதே" என்று பிள்ளையின் வாயை அடைப்பது பக்தியாகாது.

வாத்தியார் வைத்த பெயர்

நல்ல வாத்தியாரைப் பிரிந்தாலும், அவர் கொடுத்தது நம்மைவிட்டுப் பிரிவதில்லை. பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர் 1960-களின் கடைசியில் இசை கற்க மதராசில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். வீட்டில் வைத்த பெயர் ஞானதேசிகன், பள்ளியில் ராஜையா. மாஸ்டர் அதைச் சுருக்கி "ராஜா" என்று கூப்பிட்டார். 1976-ல் "அன்னக்கிளி" படம் வந்தபோது பஞ்சு அருணாசலம் முன்னால் "இளைய" என்று சேர்த்தார். அந்த வகுப்பு முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் நம் வீட்டுக் கல்யாணங்களிலும் பஸ்களிலும் இளையராஜா என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், ஒரு பாட்டு வாத்தியார் மாணவனைக் கூப்பிட்ட குரல்தான் ஒலிக்கிறது.

நம் பிள்ளைகள் எல்லாரும் இளையராஜா ஆகப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் வாத்தியார் வைத்த ஏதோ ஒன்று இருக்கும்: சுருதி பிசகினால் சுளிக்கும் முகம், தாளம் போடும்போது நிமிரும் முதுகு, தவறினால் முதலிலிருந்து தொடங்கும் பொறுமை.

கூலிம் பையன் இப்போதும் விஜயதசமிக்கு முதலில் பழைய வாத்தியார் வீட்டுக்குத்தான் போகிறானாம். பீடோங் பெண்ணுக்கும் அந்த வழி அடைபட்டுவிடவில்லை என்று அவள் தாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளை வகுப்பை விட்டு நின்று ஒரு வருடம் ஆகியிருக்கலாம், ஐந்து வருடம் ஆகியிருக்கலாம். அடுத்த தீபாவளிக்கோ விஜயதசமிக்கோ இரண்டு பழம் வாங்கிக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். அவர் முதலில் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: "சாதகம் பண்றியா?"